மாமியாரின் கையைக் கட்டிய நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில், நாங்கள் திருச்சி பாலக்கரையில் குடியிருந்தபோது, என் மாமியாருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. உடம்பில் உப்பு குறைந்து புத்தி தடுமாறிவிட்டது. பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார். அவர் அறை வாசலைத் தாண்டுவதற்குள் மாமியார் அதைப் பிடுங்கி எறிந்தார். மறுபடி குத்த வந்தபோது டாக்டரின் மூக்குக்கண்ணாடி பறந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "கையைக் கொஞ்சம் கட்டிக்கலாம். பஞ்சு வச்சு மெத்துனுதான் கட்டுவாங்க. டிரிப் முடிஞ்சதும் அவுத்துடலாம்."

"எங்கம்மாவையா?" என்றார் என் கணவரின் அண்ணன். லால்குடியில் இருந்துகொண்டு பண்டிகைக்குப் பண்டிகை அம்மாவைப் பார்க்க வருகிறவர். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன களைப்பில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் கணவர் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். நர்ஸ் என்னைப் பார்த்தார்.

மணிக்கட்டில் பஞ்சைச் சுற்றி, மேலே பேண்டேஜ் துணி போட்டு, கட்டிலோடு சேர்த்துக் கட்டினோம். ஒரு கையை நர்ஸ், இன்னொன்றை நான். டாக்டர் ஊசியைக் குத்திவிட்டுப் போனார். மருந்து வாங்க நான் கீழே போய்த் திரும்பினால், ஊசி தரையில் கிடந்தது. விரிப்பெல்லாம் ரத்தம்.

"தம்பி, அவுத்து விடுப்பான்னு கெஞ்சினாங்க. மனசு கேக்கல," என்றார் அண்ணன். ரத்தத்தைப் பார்க்கவும் அவருக்கு மனசு கேட்கவில்லை. காபி குடிக்கப் போய்விட்டார்.

மறுபடி குத்தினார்கள். இந்தத் தடவை என் கணவர் அவிழ்த்தார்.

"தண்ணி குடிக்கணும்னாங்க," என்றார்.

"வாயைக் கட்டலையேங்க," என்றேன்.

நர்ஸ் பாசமுள்ள பிள்ளைகள் இருவரையும் வராந்தாவுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஒரு கையை மட்டும் அவர் கட்ட, மற்றதை நான் பிடித்துக்கொண்டேன். மாமியார் என்னை உற்றுப் பார்த்தார். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த கான்வென்டுக்கே போய்விட்டார் போலிருக்கிறது.

"மதர், நான் பேசலைங்க. அவதான் பேசினா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

"சரி. கையை ஆட்டாம இருக்கணும்," என்றேன்.

"சரிங்க மதர்."

ஊசி ஏறும்போது என் விரல்களை நெரித்துவிட்டார். அந்தப் பிடியில் இருந்த பயத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. பாட்டில் தீரும்வரை நான் அவர் கையை விடவில்லை. கட்டை அவிழ்த்ததும் அந்த மணிக்கட்டைத் தேய்த்துவிட்டேன்.

சில நாளில் அவருக்குத் தெளிந்துவிட்டது. "என் கையை யாருடா கட்டுனது?" என்று கேட்டார். பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். சொத்துப் பிரித்த பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அடுத்த ஞாயிறு பூசை முடிவதற்குள் மாதா கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாவமன்னிப்புக்குப் போனேனா என்று ஒரு அம்மாள் அக்கறையாக விசாரித்தார்.

மறு வருஷம் மாமியாருக்கு முதுகில் ஒரு கட்டியைக் கீறவேண்டி வந்தது. பிள்ளைகள் இருவரும் துணைக்கு வருவதாகச் சொன்னார்கள்.

"நீங்க வேணாம்ப்பா, பயந்துடுவீங்க. அவ வரட்டும்," என்றார்.

ரிக்‌ஷாவில் போகும்போது, ஆஸ்பத்திரிக்கு இப்படியா கசங்கின புடவையைக் கட்டிக்கொண்டு வருவது என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்.