காசிமுக்கு விடை கொடுத்தவள்

வடிவம்மாளைப் பற்றிச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை. ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருஷம் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தோம். தோட்டத்தில் என் பெயர் வாயாடி இராசம்மா. சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

அவள் எனக்கு நேர்மாறு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை கொட்டும் என்று கிண்டல் செய்வேன். இந்த மலையில் தினமும் மழைதான், அது வேறு விஷயம்.

ஆனால் முஹர்ரம் மாதம் பிறந்துவிட்டால் அந்த ஊமைக்கோட்டான் வேறு ஆளாகிவிடுவாள். பத்து நாளும் தலையில் பூ இருக்காது, வீட்டில் மீன் வேகாது. சாயங்காலம் வேலை முடிந்ததும் லயத்துக் கொட்டகையில் உட்கார்ந்து புலம்பல் பாடுவாள். அவள் தாயார் கப்பலேறுவதற்கு முன் சென்னையில் ஒரு ஷியா முஸ்லிம் வீட்டில் வேலை செய்தவர். அந்த வீட்டுப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு பாடியதற்கெல்லாம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நம் ஒப்பாரி மெட்டில் தமிழில் கட்டி வைத்திருந்தார். மாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கிற நமக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் முணுமுணுப்பார்கள். "நியாயத்துக்காகச் செத்த புள்ளைக்கு அழறதுக்கு யார கேக்கணும்?" என்பாள். அவ்வளவுதான் பதில்.

அதில் ஏழாம் நாள் காசிம் பாட்டு. கர்பலா களத்தில் கூடாரத்துக்குத் தண்ணீர் விடாமல் எதிரிகள் வளைத்து நிற்கிறார்கள். தகப்பனை இழந்த காசிமுக்குப் பதிமூன்று வயது. சண்டைக்குப் போக விடை கொடுங்கள் என்று நபியின் பேரரான சித்தப்பா ஹுசைனிடம் கேட்கிறான். அவர் இரண்டு முறை மறுக்கிறார். மூன்றாம் முறை, சித்தப்பாவுக்காக உயிரையும் கொடு என்று தகப்பன் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தை நீட்டுகிறான். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. அவன் அளவுக்குக் கவசம்கூடக் கிடையாது. போனவன் திரும்பவில்லை.

சித்தப்பாவின் பாட்டை வடிவம்மாள் பாடுவாள். காசிமின் பாட்டை இளவட்டங்களில் ஒருவர் எழுந்து நின்று பாட வேண்டும். அதற்குத்தான் போட்டா போட்டி. படம் பார்க்க பிரிஞ்சாங் டவுனுக்கு ஓடுகிற பையன்கள்கூட அன்றைக்குக் கொட்டகையில் இருப்பார்கள். "பதிமூணு வயசுல அவன் நின்னான். நாம கிராணியப் பாத்தாலே ஒளியுறோம்லா" என்று ஒருத்தன் சொன்னதை என் காதால் கேட்டேன். கிராணி என்றால் கணக்கெழுதி எங்களை வேலைக்கு ஏவுகிற தோட்டத்துக் குமாஸ்தா. நாலு வருஷமாக அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு விடாதவன் லாரி டிரைவர் பக்கிரிசாமி. இருபத்து மூன்று வயது. சேவல் குரல். "காசிமுக்கு மீசை முளைச்சிருச்சிடா" என்பேன். சிரித்துக்கொண்டே பாடுவான்.

எழுபத்தெட்டு நவம்பரில் அவன் செத்துப்போனான்.

மேல்காட்டிலிருந்து இறங்கும்போது லாரியில் நாங்கள் பதினோரு பெண்கள் இருந்தோம். வடிவம்மாள் இருந்தாள், அவள் மகள் திலகம் இருந்தாள், நானும் இருந்தேன். பிரேக் பிடிக்கவில்லை. இடப்பக்கம் பாதாளம், வலப்பக்கம் மண்மேடு. "கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று கத்திவிட்டு, தான் உட்கார்ந்திருந்த பக்கத்தை மேட்டில் கொண்டுபோய் மோதினான். எங்களுக்குச் சிராய்ப்பு. திலகத்துக்குக் கை ஒடிந்தது. அவன் அங்கேயே முடிந்துவிட்டான்.

அதற்கு முன் மூன்று நாளும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எங்கள் எல்லார் முன்னாலும் அவன் கிராணியிடம் சொன்னான், "பிரேக் சரியில்ல கிராணி." "அடுத்த வாரம் பாக்கலாம், இன்னிக்கு ஓட்டு" என்றார் கிராணி. சண்டாளன்.

அடுத்த வாரம் அதே கிராணி ஒரு காகிதத்தோடு வந்தார். டிரைவர் பக்கிரிசாமி சம்சு சாராயம் குடித்திருந்தான், வாடை அடித்தது என்று அதில் எழுதியிருந்தது. "ஒப்பு வைக்காதவங்க வீட்டுச் சாமான கட்டிக்கலாம்" என்றார். தோட்டம் கொடுத்த லயத்து வீடு போனால் பிள்ளை குட்டியோடு எங்கே போவது? பத்துப் பேரும் ஒப்பு வைத்தோம். வடிவம்மாளும் வைத்தாள். திலகம் ஆஸ்பத்திரியில் இருந்ததால் தப்பித்தாள்.

பக்கிரிசாமியின் அம்மா வேலாயி எனக்கு எதிர்வீடு. "எம்மவன் வெத்தலகூட போடமாட்டானே, குடிகாரன்னு எழுதிட்டாங்களே" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

கையில் மாவுக்கட்டோடு திரும்பி வந்த திலகத்துக்கு விஷயம் தெரிந்தது. பக்கிரிசாமி செத்தது யார் குற்றம் என்று ஜனவரியில் கோர்ட்டு விசாரணை. "நான் போய் உள்ளதச் சொல்லப் போறேம்மா" என்றாள். பத்தொன்பது வயதுப் பெண்.

"வேணாம். ஒங்கப்பா இருமிக்கிட்டுக் கெடக்காரு. வீடு போயிரும்."

மறுநாள் மறுபடி கேட்டாள். மறுபடியும் வேண்டாம் என்றாள் வடிவம்மாள். சண்டை என் வீடு வரை கேட்டது. அம்மா சம்மதிக்காமல் போகமாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னதும் கேட்டது.

டிசம்பரில் முஹர்ரம் வந்தது. ஏழாம் நாள் கொட்டகையில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் வேலாயி. காசிம் பாட்டைப் பாட ஆளில்லை, பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திலகம் எழுந்து நின்றாள்.

"சின்னவன்னு சொல்லாதீங்க சித்தப்பா – என்
சிறுகாலப் பாக்காதீங்க
தண்ணியில்லாக் கூடாரத்தில – நான்
தலைகுனிஞ்சி வாழ்வேனோ"

வடிவம்மாள் பதில் பாடினாள்.

"அண்ணன் விட்ட செல்வமே – உன்ன
அனுப்பச் சொல்லிக் கேக்குறியே
கண்ணுக்குள்ள வச்ச புள்ள – உன்னக்
களத்துக்கு நான் விடுவேனோ"

இரண்டாம் முறையும் அப்படியே கேள்வியும் மறுப்பும். மூன்றாம் முறை திலகம் பாடி முடித்தாள். இப்போது விடை கொடுக்கிற பாட்டு வர வேண்டும். வடிவம்மாள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. வருஷா வருஷம் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற பாட்டு.

திலகம் பாடாமல், சாதாரணமாகக் கேட்டாள். "போவட்டுமாம்மா?"

வடிவம்மாள் முகத்தை முந்தானையால் துடைத்தாள். வேலாயியைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்துப் பாடினாள்.

"போறேன்னு சொல்லாதே எஞ்சாமி – நீ
போயிட்டு வாறேன்னு சொல்லு"

 

கோர்ட்டில் திலகம் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று நாள் பிரேக்கைப் பற்றி அவன் சொன்னதை, கிராணியின் பதிலை, அவன் எந்தப் பக்கம் திருப்பினான் என்பதை. இடையில் எங்கும் நிறுத்தவில்லை. பத்துப் பேர் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அவர்களில் யாராவது மாற்றிச் சொல்ல விரும்புகிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டதாக, மொழிபெயர்த்தவர் எங்களைப் பார்த்துச் சொன்னார்.

வடிவம்மாள் எழுந்தாள். "அதுல என் ஒப்பும் இருக்குங்கய்யா. அது பொய். பயந்து போட்டேன். அவன் குடிக்கல."

மொழிபெயர்த்தவர் இன்னொரு முறை கேட்டார். கிராணி திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தார். தோட்டத்தையே பேசி விற்றுவிடுகிற இந்த இராசம்மா, செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு பேர் சொன்னதே போதுமாயிருந்தது. லாரியின் பிரேக்தான் காரணம், டிரைவர் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. வேலாயி அந்தத் தீர்ப்புக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். ஒரே மாதத்தில் வடிவம்மாள் குடும்பத்தை வீட்டைவிட்டுக் கிளப்பினார்கள். கோலா தெர்லாவில் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்துத் தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவள் கலங்கியதாகத் தெரியவில்லை.

எங்கள் தோட்டத்து இளவட்டங்கள் அவளை விடவில்லை. எண்பதுகளில் ஒவ்வொரு முஹர்ரத்துக்கும் காய்கறி லாரி பிடித்துக்கொண்டு கோலா தெர்லா போனார்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்து, பெரட்டில் எதிர்த்துக் கேள்வி கேட்டவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். நானும் ஒரு வருஷம் அவர்களோடு போனேன். வடிவம்மாள் தேத்தண்ணி கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்தாள். கோர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாட்டு தொடங்கியது. விடை கொடுக்கிற இடம் வந்ததும் நான் உடைந்து அழுதேன். பக்கத்திலிருந்த பிள்ளைகள் நான் காசிமுக்காக அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.