பேர் சொல்லிக் கூப்பிட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை கிள்ளான் ரயில் பிரிக்பீல்ட்ஸ் யார்டைக் கடக்கும்போது கார்டு தன் வண்டியிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி என்னைப் பார்த்துக் கத்தினார். "அண்ணே, தீவு அங்கம்மா தவறிட்டாங்க! முந்தாநாளே அடக்கம் பண்ணிட்டாங்களாம்!" வண்டி நிற்கவில்லை. நான் பாதை மாற்றும் நெம்புகோலைப் பிடித்தபடி நின்றேன். திரும்பி வரும் வண்டியில்தான் மீதிச் செய்தி கிடைத்தது. கேரி தீவு ரப்பர் தோட்டத்தில் குளிர்காய்ச்சல், நான்கு நாள். கொய்னா மருந்து ஒரு வில்லை கூடக் கிடைக்கவில்லை. வயது முப்பத்திரண்டோ மூன்றோ, அவருக்கே சரியாகத் தெரியாது.

மாலையில் எங்கள் கட்சித் தலைவர் மாணிக்கத்தின் வீட்டுக்குத் துக்கம் பேசப் போனேன். அவரும் துக்கப்பட்டார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் காப்பி ஆறுவதற்குள், "அந்தம்மாவும் போயாச்சு. இனிமே யாரை நம்பி கட்சி நடத்துறது? வர்ற ஞாயித்துக்கிழமை கலைச்சிடுவோம்லா. ஜெயிச்சவங்களோட சேர்ந்துக்குவோம்" என்றார். நான் காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அஞ்சலி எழுதுகிறவன் சாந்தமாக எழுத வேண்டும் என்பார்கள். எனக்குச் சாந்தம் வரவில்லை. அங்கம்மாளை அறிந்த நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வார்த்தை. விடியும் முன் தோட்டத்தில் வரிசையாக நின்று, கிராணி பேர் கூப்பிட, 'வந்திருக்கேன்' என்று பதில் சொல்லி வேலைக்குப் போவதற்குப் பெரட்டு என்று பெயர். ஜப்பான்காரன் போன பிறகு நம் தொழிலாளர் சங்கத்தை மறுபடி உயிர்ப்பித்தபோது நிர்வாகத்துக்குத் தேர்தல் வைத்தோம். கணக்கெழுதும் கிராணிமார்கள் ஒரு பக்கம் நின்றார்கள். பெரட்டில் நிற்பவர்களும் ரயில்வே கூலிகளும் ஒரு பக்கம் நின்றோம். நம்மைக் கேலி செய்ய அவர்கள் வைத்த பெயர்தான் 'பெரட்டுக் கட்சி'. நாம் அதையே நெற்றியில் எழுதிக்கொண்டோம். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட நம் ஆட்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அவர்களில் யார் வந்தார், யார் வரவில்லை என்று முதலில் பட்டியல் எடுக்க வேண்டும், அந்தக் குடும்பங்களுக்கு அரிசி கேட்க வேண்டும் என்றோம். பழசைக் கிளறாமல் துரைமார்களோடு சுமுகமாகப் போகலாம் என்றார்கள் கிராணிமார்கள்.

அங்கம்மாளை நான் முதலில் பார்த்தது அந்தப் பட்டியலுக்காகத் தீவுக்குப் படகேறிப் போன அன்று. லயம் என்கிற வரிசைவீடுகளின் வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். நான் கட்சிச் செயலாளர் என்ற தோரணையோடு நோட்டைத் திறந்துவைத்து, "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டேன். ஒருத்தி தரையைப் பார்த்தாள். ஒருத்தி ஆறு விரலைக் காட்டி முகத்தைத் தொட்டாள். நான் விழித்தேன். "ஆறுமுகம் அண்ணே, ஆறுமுகம்!" என்று பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கையில் பால்மரம் வெட்டும் கத்தியோடு வெளிக்காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அங்கம்மாள். "இப்படி விடுகதை போட்டுக்கிட்டு இருந்தா நீங்க அடுத்த தீபாவளிக்குத்தான் வீட்டுக்குப் போவீங்க. புருஷன் பேரை எவ சொல்லுவா? சொன்னா அவரு ஆயுசு குறையும்ல."

பிறகு அவரே அந்தப் பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தார். "அவ ஆளு பேரை நீ சொல்லு. உன் ஆளு பேரை அவ சொல்லட்டும்." பொழுது சாய்வதற்குள் என் நோட்டு நிறைந்துவிட்டது. அவருடைய கணவர் பேரை அடுத்த வீட்டுக்காரிதான் சொன்னாள். வெள்ளைச்சாமி. அங்கம்மாள் அந்த நேரத்தில் கோழியை விரட்டப் போவது போல எழுந்து போய்விட்டார்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தும் நான் செய்த தவறைச் சொல்லாமல் மேலே போனால் இது அஞ்சலி ஆகாது. சங்கத்துப் பேரேட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்களில் சயாமிலிருந்து திரும்பாதவர்களின் ஓட்டை மனைவிமார் போடலாம் என்று கிராணிமார்களோடு வாதாடி வாங்கியவன் நான். ஆள்மாறாட்டம் கூடாது, ஆகவே வருகிறவள் மேசைமுன் நின்று தன் வாயால் கணவன் பேரைச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் ஒரு வரி சேர்த்தார்கள். நியாயம்தானே என்று கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் மாணிக்கமும் போட்டார். பெண்களுக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று இரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தோம். எங்கள் புத்தி அன்று எந்தக் காட்டில் மேயப் போயிருந்ததோ!

தேர்தல் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் நடந்தது. மேசைமேல் இரண்டு பால் தகரம். யாருக்கு ஓட்டோ அந்தத் தகரத்தில் ஒரு ரப்பர் கொட்டையைப் போட வேண்டும். தீவுப் பெண்கள் படகும் நடையுமாக வந்து வெயிலில் வரிசை நின்றார்கள். முதலில் அங்கம்மாள்.

"பேரு?" என்றார் மேசையிலிருந்த கிராணி.

"அங்கம்மா."

"உன் பேரு எனக்கு எதுக்கு? புருஷன் பேரு."

அங்கம்மாள் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவள், "வெள்ளைச்சாமிங்க, எனக்குத் தெரியும்" என்றாள். "நீ சொல்லக் கூடாது. அவ சொல்லணும். விதி." நான் ஓடிப்போய் மன்றாடினேன். அவர் என் கையெழுத்தை எனக்கே காட்டினார். அங்கம்மாளுடைய உதடு இரண்டு தரம் அசைந்ததைப் பார்த்தேன். பிறகு கையிலிருந்த ரப்பர் கொட்டையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் பின்னால் வரிசை முழுவதும் திரும்பியது. "புருஷன் பேரு தெரியாதவங்க எல்லாம் ஓட்டுப் போட வந்துட்டாங்கப்பா" என்று யாரோ சொல்ல, கொட்டகை சிரித்தது. நாம் தோற்றோம். ஓட்டு எண்ணும்போது நம்முடைய தகரத்தைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஜமால் பாய் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் கூடினோம். இனி என்ன செய்வது என்ற பேச்சு. அரிசியும் மாவும் இல்லாத காலம், பாய் மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருந்தார். மாணிக்கம், ஜெயித்தவர்களோடு சேர்ந்துவிடலாம், உள்ளேயிருந்து நாலு நல்லது செய்யலாம் என்றார். ரயில்வே இளைஞர்கள் தனிச் சங்கம் தொடங்கலாம் என்று மேசையைத் தட்டினார்கள். ஆளுக்கு ஆள் கிராணிமார்களைத் திட்டினோம். திட்டுவதில் மட்டும் ஒற்றுமைக்குக் குறைவில்லை. பெண்களில் வந்திருந்தது அங்கம்மாள் ஒருவர்தான். எல்லாம் ஓயும்வரை கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"கிராணிங்களைத் திட்டி முடிச்சாச்சா அண்ணே? இப்ப நான் பேசட்டா?" என்றார். "லோரி வந்த அன்னைக்கு நான் வெளிக்காட்டுல இருந்து ஓடியாந்தேன். என்னை மாதிரியே எல்லாப் பொம்பளைங்களும் ஓடியாந்தாங்க. லோரி கிளம்பிடுச்சு. 'ஏங்க, ஏங்க'ன்னு கத்துறோம். அம்புட்டுப் பேரும் 'ஏங்க'தான். எவ எவனைக் கூப்பிடுறான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? யார் யாரோ திரும்பிப் பார்த்தாங்க. என் ஆளு திரும்பல. வேற யாரோட குரலோன்னு இருந்துட்டாரு. கடைசியா நான் பார்த்தது அவரு முதுகு."

ஜமால் பாய் காப்பித் தட்டோடு வாசலில் நின்றுவிட்டார்.

"பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இருந்து என்ன கூடுச்சு? அன்னைக்கு மேசைக்கு முன்னாடியும் வாயைக் கட்டிக்கிட்டேன். நாம தோத்ததுக்கு நானும்தான் காரணம், விதி எழுதுன நீங்களும்தான் காரணம்." பிறகு நிமிர்ந்து, கூரையைப் பார்த்து, தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுகிற குரலில், "வெள்ளைச்சாமி!" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஊரெல்லாம் 'வெள்ளைக்காரன் திரும்பி வந்துட்டான்' என்று பேசும்போது இவர் மட்டும் 'பழைய துரைங்க வந்துட்டாங்க' என்பார். பயம் போலிருக்கிறது என்று நான் நினைத்திருக்கிறேன். பயம் இல்லை. கணவர் பேரின் பாதி அந்தச் சொல்லில் இருந்தது.

அவர் உட்காரவில்லை. "திரும்பிப் பாக்கணும்னா பேர் சொல்லித்தான் கூப்பிடணும் அண்ணே. அது போகட்டும். நான் ஒண்ணு கேக்கறேன். நானும்தான் விடியக்காலையில பெரட்டுல நிக்கிறேன். என்னையும்தான் பேர் சொல்லிக் கூப்பிடுறான். மரம் வெட்டுறப்ப நான் அங்கம்மா, சங்கத்துக்கு வந்தா மட்டும் நான் அவரு பொண்டாட்டியா? அவரு ஓட்டு அவருக்கே இருக்கட்டும். வந்து போடுவாரு. என் பேரைத் தனியா எழுதுங்க."

அன்று நாம் கலையவில்லை, பிரியவும் இல்லை. சங்கத்துக்குள்ளேயே இருப்பது, தோட்டத்துப் பெண்களை அவரவர் சொந்தப் பெயரில் உறுப்பினர்களாகச் சேர்ப்பது, அடுத்த தேர்தலில் அதே மேசைக்கு முன் போய் நிற்பது என்று முடிவானது. கை தூக்கியவர்களில் மாணிக்கமும் ஒருவர். அவர் மறந்திருந்தால் இதைப் படித்து நினைவுபடுத்திக்கொள்ளட்டும்.

அங்கம்மாளுக்கு எழுதத் தெரியாது. தோட்டம் தோட்டமாக நடந்து, சேர்ந்த பெண்களின் பெயர்களை லயத்து வீட்டு வரிசைப்படி மனத்தில் ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து என்னிடம் ஒப்பிப்பார். தூரத்து டெங்கில் ஊர்ப் பக்கம்கூடப் போய்வந்தார். நான் வேகமாக எழுதாவிட்டால் கோபம் வரும். "சீக்கிரம் எழுதுங்க செக்ரட்டரி. மூணாம் லயத்துல ஒருத்தி நழுவிடுவா" என்பார். ஒருமுறை ஒரு பெண்ணை 'இன்னாரின் மனைவி' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாதே என்று விட்டுவிடவும் பார்த்தேன். "என்ன இவ்வளவு நீளமா எழுதுறீங்க? அவ பேரு ராக்கு. சின்னப் பேரு" என்றார். அடித்துவிட்டு எழுதினேன்.

இப்போது தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நாலு பேர் நடுவில் புருஷன் பேரைச் சொன்னாள், சாமி கேட்டுவிட்டது என்கிறார்கள். பட்டியலிலிருந்து தங்கள் பெயரை அடித்துவிடச் சொல்லி இரண்டு பெண்கள் எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தப் பேச்சைப் பரப்புகிறவர்களைக் கேட்கிறேன். வாயே திறக்காத எத்தனை பெண்களை இந்தக் காய்ச்சல் கொண்டுபோனது? அவர்கள் எந்தப் பேரைச் சொன்னார்கள்? கொசு யார் பேரையும் கேட்டுக்கொண்டு கடிப்பதில்லை. அங்கம்மாளைக் கொன்றது காய்ச்சலும், ஒரு வில்லை மருந்து கிடைக்காத இந்த நாட்டு நிலைமையும்தான். அவருடைய சாவை நாம் கலைந்துபோவதற்குச் சாக்காக ஆக்கினால், அன்று அந்தக் கொட்டகையில் சிரித்தவர்களைவிட நாம் கேவலமானவர்கள்.

வெள்ளைச்சாமி இன்னும் வரவில்லை. வந்தால் அவரிடம் நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில் சொல்லப்போவது, அங்கம்மா உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதுதான்.

எனக்கு என்று அங்கம்மாள் விட்டுப்போனது, அவர் ஒப்பித்த பெயர்களை நான் எழுதிய நோட்டு ஒன்று. மேலட்டை எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடக்கிறது. உள்ளே எல்லாம் பெண்களின் பெயர்கள், என் கோணல் எழுத்தில். ஞாயிற்றுக்கிழமை அதை ஜமால் பாய் கடைக்குக் கொண்டுவருவேன். கலைப்பதா வேண்டாமா என்று கை தூக்கும் முன், பெரட்டு மாதிரியே ஒவ்வொரு பெயராக வாய்விட்டுக் கூப்பிடுவேன். பெயரை அடிக்கச் சொன்ன இருவரின் பெயரையும் கூப்பிடுவேன். வேண்டாமென்றால் அவர்களே தங்கள் வாயால் சொல்லட்டும். கூப்பிட்டு முடிந்த பிறகும் கலைக்க மனமுள்ளவர் கை தூக்கட்டும், பார்க்கிறேன்.

பட்டியலில் முதல் பெயர் அங்கம்மா. அதற்கு யார் பதில் சொல்வது என்று மாணிக்கம் கேட்பார். அன்று இல்லாத ஆண்களுக்காகப் பெண்கள் வெயிலில் வந்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத அந்தப் பெண்ணுக்காக நான் எழுந்து நிற்பேன். 'வந்திருக்கேன்' என்று நான் சொல்வேன்.