பன்னிரண்டு வோல்ட் காட்டிய மின்னல்

ரயில் பாதைக்கு மேலே ஓடும் இருபத்தைந்தாயிரம் வோல்ட் மின்கம்பிகளில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லைனை ஆஃப் செய்துவிட்டதாக எழுத்தில் பர்மிட் வராமல் ஒரு நாளும் கம்பியைத் தொட்டதில்லை.

போன மாதம், மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் பேட்டரி எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். பதினாலு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பன்னிரண்டுகூட இல்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்ய வேண்டிய ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை என்று புரிந்தது. புதிதாக ஒன்று வாங்கி வந்தேன்.

"பேட்டரி ஒயரைக் கழட்டிட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி கோமதி.

"வண்டிதான் ஆஃப்ல இருக்கே. அதுவும் வெறும் பன்னெண்டு வோல்ட்டு. சும்மா இரு" என்றேன்.

ஆல்டர்னேட்டரின் பின்பக்க நட்டில் ஸ்பானரைப் போட்டுத் திருப்பினேன். அதன் மறுமுனை இன்ஜினில் பட்டது. படீர்! பட்டப்பகலில் கண் முன்னே வெள்ளை மின்னல். ஸ்பானர் கையைவிட்டுத் தெறித்தது. எடுத்துப் பார்த்தால், கெட்டி இரும்பு எலி கடித்த மாதிரி உருகியிருந்தது. அந்த நட்டில் மாட்டியிருக்கும் ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியை எடுத்தாலும் அதில் கரண்ட் இருக்கும். இந்தச் சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு சக்தியா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். விரலில் ஒரு கொப்புளத்தோடு தப்பித்தேன்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிய பிறகுதான் மிச்ச வேலையை முடித்தேன். மீட்டர் பதினாலு காட்டியது.

உருகிய ஸ்பானர் இப்போது கோமதியிடம் இருக்கிறது. பானெட்டைத் திறந்தால், முதலில் ஒயரைக் கழற்றிவிட்டு அவளைக் கூப்பிடுகிறேன். குனிந்து பார்த்து, "ஆயித்து, கழட்டியாச்சு, தொடுங்க" என்று அந்த ஸ்பானரை என் கையில் கொடுக்கிறாள். அதுதான் எனக்குப் பர்மிட்.