சணப்பு பூத்த வாரம்

அறுபத்திரண்டாம் வருஷம், வைகாசி மாதம். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை உண்டு. எருக்கஞ்செடியும் என் மனைவியின் ஏமாற்றமும் தவிர அதில் வேறெதுவும் வளர்ந்ததில்லை. எனக்குச் சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. வருகிறவர்களைச் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவேன். சில பேர் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, புடவை வாங்க மறந்து போய்விடுவார்கள். முதலாளி மட்டும் சிரித்ததில்லை.

ஒரு நாள் மனைவி சொன்னாள்: "கொள்ளிடக்கரைப் பக்கம் ஞாயித்துக்கிழமை காய்கறித் தோட்டம் போடச் சொல்லித் தராங்களாம். போயிட்டு வாங்க. வீட்ல இருந்தா உங்களுக்கு வாய்தான் வளருது."

போனேன். வடக்கு வாசலைத் தாண்டிக் கொள்ளிடத்துக்குப் போகிற வழியில் ஒரு துண்டு நிலம். சர்க்கார் வகுப்பு. சொல்லிக் கொடுத்தவர் சர்க்கார் அனுப்பிய கிராம சேவக், முசிறிப் பக்கத்துப் பையன். எங்கள் எல்லோருக்கும் மகன் வயது. கரும்பலகை, நாற்காலி எதுவும் கிடையாது. இரண்டு பேருக்கு ஒரு பாத்தி, ஒரு மண்வெட்டி. அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

எனக்குக் கூட்டாளியாக வந்தவர் பாலக்கரைக்காரர். ஒரு அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிற வேலை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்துவிடுவார். என் வயதுதான் இருக்கும். பேசவே மாட்டார். நான் எதைச் சொன்னாலும் முகம் ஈயத்தில் வார்த்தது போல அப்படியே இருக்கும். எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. இவரை எப்படியாவது சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். விவசாயம் அதற்கு அடுத்தபடிதான்.

முதல் களையெடுப்பிலேயே நான் பேர் வாங்கிவிட்டேன். வெண்டை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. நான் அதையெல்லாம் சுத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்றதற்கு மண் அணைத்துத் தண்ணீரும் ஊற்றியிருந்தேன். கிராம சேவக் குனிந்து பார்த்தார்.

"சார், நீங்க இவ்வளவு அக்கறையா காப்பாத்தி வச்சிருக்கிறது கோரைப்புல்லு. வெண்டை அதோ வரப்புல கிடக்கு."

அடுத்த பாத்தியிலிருந்து ஒருத்தர் குரல் கொடுத்தார்: "அண்ணே, அறுவடைக்குச் சொல்லி அனுப்புங்க. மாட்டோட வரோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கூட்டாளி மட்டும் வரப்பில் கிடந்த வெண்டைக் கன்றுகளை எடுத்து மறுபடி நட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது சருகுப் பாடம். மண்ணை வெயிலில் வெற்றுடம்பாக விடக்கூடாது, சருகும் வைக்கோலும் போட்டு மூடி வைக்க வேண்டும் என்றார் கிராம சேவக். ஜவுளிக்கடைக்காரனுக்கு இது உடனே புரிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், தெருவில் இருந்த சருகையெல்லாம் அள்ளிக் கொல்லையில் பரப்பினேன். விடிந்து பார்த்தால் தரை பளிச்சென்று இருக்கிறது; மூலையில் சருகு புகைந்துகொண்டிருக்கிறது. மனைவி விளக்குமாறோடு நிற்கிறாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டைச் சுத்திக் குப்பையைப் பரப்பி வச்சா, லட்சுமி எந்த வழியா வருவா? பறந்தா வருவா?"

நான் சாயங்காலம் பரப்புவேன், அவள் காலையில் கொளுத்துவாள். இதை வகுப்பில் சொன்னபோது கிராம சேவக்கே மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். ஈய முகம் அசையவில்லை. ஆனால் திரும்பிப் போகும்போது அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "லட்சுமி பறந்தா வருவா... அப்படித்தானே சொன்னாங்க? அதுக்கு முன்னால என்ன?" நான் திரும்பச் சொன்னேன். உதட்டை அசைத்து ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மனிதருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் சணப்பு விதை கொடுத்தார்கள். அவரவர் கொல்லையில் விதைக்க வேண்டும். வளர்ந்து மஞ்சளாகப் பூத்ததும், காய்க்க விடாமல் அப்படியே வெட்டி மண்ணுக்குள் மடக்கிவிட வேண்டும். அது மக்கி மண்ணுக்குச் சத்தான பிறகுதான் காய்கறி நடலாம்.

அன்றைக்கு என் கூட்டாளி வாய் திறந்து கேட்டார்: "அப்ப கத்திரிக்காய் எப்ப சார் காய்க்கும்?"

"மார்கழி ஆயிடும் சார்."

"அதுக்கு முன்னால வழி இல்லீங்களா?"

"கீரை வேணா ஒரு மூலையில போடுங்க, சீக்கிரம் வரும். கத்திரிக்கு மண்ணு பழகணும். அவசரப்படுத்த முடியாது."

"கீரை இல்ல சார். கத்திரிதான்" என்றார். விதையைத் துண்டில் முடிந்துகொண்டார்.

ஆடி பிறந்து சில நாள் கழித்து, "வீட்டுக்கு ஒரு நாள் வரணும் அண்ணே. எம்பொஞ்சாதி உங்களைப் பாக்கணுங்குறா" என்றார். பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. உள்ளே நுழைந்தேன். பின்கட்டு வாசலை ஒட்டிப் போட்டிருந்த கட்டிலில், போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியாத அளவுக்கு மெலிந்து ஒரு அம்மா படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"கோரைப்புல்லு அண்ணன் நீங்கதானா?"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். நான் சொன்னது அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. என் மனைவி, விளக்குமாறு, பறந்து வருகிற லட்சுமி எல்லாம்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து ஒப்பிப்பாரு அண்ணே. அதுவும் ஜபம் சொல்ற மாதிரி, முகத்தை இப்படி வச்சுக்கிட்டு. அதுக்கே எனக்குப் பாதி சிரிப்பு வந்துரும்."

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொல்லை ஒரு காலத்தில் அந்த அம்மா போட்ட தோட்டம். அந்தச் சந்துக்கே கத்திரிக்காய் கொடுத்த கை. படுத்த பிறகு கொல்லை கட்டாந்தரையாகிவிட்டது. "நீ சொல்லு, நான் செய்யுறேன்" என்று கணவர் கேட்டதற்கு, "வாயால சொன்னா வராது, போய்க் கையால கத்துக்கிட்டு வாங்க" என்று அவர்தான் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்.

கட்டிலிலிருந்து பார்த்தால் கொல்லை முழுக்க மஞ்சள். இடுப்புக்கு மேல் வளர்ந்த சணப்பு பூத்துத் தள்ளியிருந்தது. வண்டுகளின் ரீங்காரம் வீட்டுக்குள் வரை கேட்டது.

கிணற்றடிக்கு என்னை அழைத்துப் போய்க் கூட்டாளி தாழ்ந்த குரலில் பேசினார். "பெரியாஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்க அண்ணே. மார்கழி வரைக்கும்..." சணப்பின் பக்கம் திரும்பினார். "இதை மடக்க வேணாம்னு பாக்குறேன். காலையில கண்ணு முழிச்சதும் இதைத்தான் பாக்குறா. காய்தான் கண்ணுல படாது. பூவாவது இருக்கட்டுமே."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அங்க என்ன குசுகுசுன்னு? பூத்து நாளாச்சு. தண்டு முத்திப் போனா மக்காது. மண்வெட்டியை எடுங்க."

"இருக்கட்டும். நீ பாத்துக்கிட்டு இருக்கே" என்றார் இவர்.

"பாத்தாச்சு. நான் பாத்துக்கிட்டு கிடக்கவா போட்டோம்? மண்ணுக்குத்தானே போட்டோம்."

மண்வெட்டியை எடுத்தார். செடிகளுக்கு முன்னால் போய் நின்றார். அப்படியே நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. அந்த அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்க ஆரம்பிங்க. இங்க எது பயிர், எது புல்லுன்னு பாக்கவே வேணாம். எல்லாத்தையும் வெட்டலாம். உங்களுக்கு ஏத்த வேலை."

ஊரையெல்லாம் கிண்டல் செய்கிறவன் நான். அன்றைக்குக் கிண்டலில் என்னை ஜெயித்தது அந்தக் கட்டில். சிரித்துக்கொண்டேதான் மண்வெட்டியை வாங்கினேன். கண்ணீர் மறைத்ததால் முதல் வெட்டு காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. "காலை மடக்காதீங்க அண்ணே, செடியை மடக்குங்க" என்றார் அவர். பிறகு கணவரும் அரிவாளோடு வந்துவிட்டார். அவர் அறுத்துப் போட, நான் மண்ணைத் தள்ளி மூடினேன். மஞ்சள் பூக்கள் வரிசை வரிசையாக மண்ணுக்குள் போயின. "அந்த மூலையில நாலு செடி நிக்குது" என்று உள்ளேயிருந்து மேற்பார்வை நடந்தது. உச்சி வெயிலுக்கெல்லாம் கொல்லை வெறும் மண். அந்த மண்ணைப் பார்த்தபடியே அந்த அம்மா தூங்கிப் போனார்.

புரட்டாசியில் கத்திரி நாற்று நட்டோம். ஒவ்வொரு நாற்றையும் கட்டிலண்டை கொண்டுபோய்க் காட்டிவிட்டு நட்டார் கணவர். "வேரைப் பாத்து, வேரைப் பாத்து" என்று அந்த அம்மா சொல்வது மூச்சுக்காற்று போலத்தான் கேட்டது. நான் கொண்டுபோன வேடிக்கைக்கெல்லாம் இப்போது கண்ணால் மட்டும் சிரித்தார்.

ஐப்பசியில் மழை விடாமல் கொட்டிய ஒரு நாள், கடைக்குப் பாலக்கரையிலிருந்து ஆள் வந்து சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் குடை பிடித்துக்கொண்டு என் கூட்டாளிக்குப் பக்கத்தில் நின்றேன்.

அதற்குப் பிறகு பாலக்கரைப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. மார்கழியில் ஒரு நாள், கடை நிறையக் கூட்டம், நான் புடவை விரித்துக்கொண்டிருக்கிறேன். எதிரே அவர் வந்து நிற்கிறார். கையில் ஒரு மஞ்சள் பை.

"முதல் காய். உங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

பைக்குள் பனி உலராத கத்திரிக்காய்கள். நான் வாங்கிக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார். உதடு ஒரு தரம் தனக்குள் அசைந்தது. பிறகு அதே ஈய முகத்தோடு, ஜபம் சொல்கிற மாதிரி சொன்னார்: "நல்லாப் பாத்துட்டேன் அண்ணே. கத்திரிதான். கோரைப்புல்லு இல்ல."

என்னிடம் அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. புடவைக் குவியலுக்குப் பின்னால் நான் உட்கார்ந்துவிட்டேன். வாங்க வந்த அம்மாக்கள் மேலே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் மீதிப் புடவையைத் தானே விரித்துக் காட்டினார்.

அன்று ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்திரிக்காயைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். விடிந்து கொல்லைக்குப் போனால், முந்தின நாள் சாயங்காலம் நான் பரப்பிய சருகு பரப்பினபடியே கிடந்தது. விளக்குமாறு சுவரில் சாய்ந்திருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு.

இப்போது எங்கள் கொல்லையிலும் வருஷா வருஷம் சணப்பு போடுகிறோம். மஞ்சள் கண்ணில் பட்டதும் மண்வெட்டியை எடுத்துவிடுவேன். தான் ருசி பார்க்கப்போகாத காய்க்காக, தான் பார்த்துக்கொண்டிருந்த பூவை வெட்டச் சொன்ன அந்தக் குரல் மூலையில் நிற்கும் நாலு செடியையும் சேர்த்துக் காட்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு வாய் வளர்வதில்லை.