டபுள் சிக்னல்

இந்த ஊரில் யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. திருச்சியிலிருந்து மலேசியா வந்து இறங்கிய முதல் வாரம் என்னை அசத்தியது உயரமான கட்டடமும் இல்லை, மேம்பாலமும் இல்லை, இதுதான். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீடு எட்டாவது மாடி. சாயங்காலம் பால்கனியில் நின்று பார்த்தால் கீழே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரு முழுக்க நிற்கும். ஒரு சத்தம் வராது. சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த காது இது. வருகிறேன் என்பதற்கு ஒரு ஹார்ன், தள்ளிப் போ என்பதற்கு ஒரு ஹார்ன், சிக்னல் பச்சையாகி அரை நொடி ஆகிவிட்டது உனக்குக் கண் தெரியவில்லையா என்பதற்கு ஒரு ஹார்ன். அதெல்லாம் இல்லாத தெருவைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றேன். ஊருக்கு போன் செய்தபோதெல்லாம் இதைத்தான் பெருமையடித்தேன். "இங்க மனுசங்களுக்குப் பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. நாமெல்லாம் எப்பத்தான் திருந்துவோமோ!" என்று என் நாத்தனாரிடம் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போடலாம் போலிருக்கிறது.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கணினி நிறுவனம். என் கணவர் ரவி திருச்சியில் பார்த்துக்கொண்டிருந்த மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலையை விட்டுவிட்டு, என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தார். துணைவர் விசாவில் வந்தவர் சும்மா வேலைக்குப் போய்விட முடியாது. இருபது வருடம் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிய மனிதர், எட்டாவது மாடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். முகம் சுளித்ததில்லை. "கோமதி, நான் இப்ப ஹவுஸ் ஒய்ப், சாயங்காலம் வரும்போது மல்லிப்பூ வாங்கிட்டு வா" என்று கேலி பேசுவார். ஆனால் ஆறு மாதத்தில் ஆள் சோர்ந்துபோனார். அப்போதுதான் ஒரு கார் வாங்கலாமே என்று நான் சொன்னேன்.

கையில் இருந்ததற்குக் கிடைத்தது ஒரு பழைய கஞ்சில். கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். நம்மூரில் ஒரு காலத்தில் எல்லார் கனவிலும் ஓடிய அந்தச் சின்ன வெள்ளைக் காரை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதன் தங்கச்சி. தொண்ணூறுகளில், ஜப்பான்காரர்கள் கைகொடுக்க, இந்த நாட்டிலேயே கட்டிய கார். மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்துகொண்டு போனவர்கள், முன்னால் ஒரு பிள்ளை நடுவில் ஒரு பிள்ளை என்று அடுக்கிக்கொண்டு போனவர்கள், முதன்முதலாக நாலு சக்கரத்தில் ஏறியது இதில்தான். குமாஸ்தாக்கள், தாதிமார்கள், தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள் என்று எல்லாரும் வாங்கினார்கள். டிரைவிங் ஸ்கூல்களில் வரிசையாக இதுதான் நிற்குமாம். இப்போது புதிதாகச் செய்வதில்லை. அதன் பேரப்பிள்ளைகள் மாதிரி வேறு பெயர்களில் வேறு கார்கள் ஓடுகின்றன. ஆனாலும் சாலையில் நின்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு கஞ்சிலாவது முக்கிக்கொண்டு போகும்.

எங்களுக்கு விற்றவர் கிள்ளானில் இருக்கும் சுப்ரா அங்கிள். மருத்துவமனையில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காரின் முதல் உரிமையாளரும் அவர்தான். பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருந்த மாமனார் வீட்டுக்கு அதை முதல் நாள் ஓட்டிப்போனபோது, லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் மொத்தமும் வந்து தொட்டுப் பார்த்ததாம். மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, மூத்த மகள் கல்யாணத்துக்கு வாழைமரம் ஏற்றியது, மனைவியைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது எல்லாம் அதில்தான். பிள்ளைகள் இப்போது பெரிய கார் வைத்திருக்கிறார்கள். அங்கிளுக்கோ முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை.

"காடி சின்னதுதான் தம்பி, ஆனா மலை ஏறும். ஏறும்போது ஏர்கான மட்டும் அடைச்சிரணும் லா. பாவம், அதுக்கு மூச்சு வாங்கும்" என்றார் ரவியிடம். சாவியைக் கொடுத்த பிறகும் கூரையைத் தட்டிக்கொண்டே நின்றார்.

காரால் ரவி மறுபடி பழைய ரவியானார். காலையில் என்னை அலுவலகத்தில் இறக்கிவிடுவார், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வார். வரும் வழியில் பூக்கடை அக்காவிடம் நான் பூ வாங்கி வரும்வரை காரிலேயே காத்திருப்பார். நடுவில் காய்கறி, கோயில், பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவுக்கு மருந்து. ஆனால் கையில் மட்டும் திருச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. வளைவு வந்தால் பீப். கார் நிறுத்தும் தளத்தில் தூணைச் சுற்றினால் பீப். ஒருநாள் அங்கே எங்களுக்கு முன்னால் போன சீனப் பெரியவர் காரை நிறுத்தி, இறங்கி, சிவந்த முகத்தோடு வந்தார்.

"வாட் ஐ டூ? யூ டெல் மீ, வாட் ஐ டூ?"

"நத்திங் சார். ஐ ஆம் கமிங். தட்ஸ் ஆல்" என்றார் ரவி.

"யூ கமிங்? கமிங் வேர்?"

இங்கே ஹார்ன் அடிப்பது முகத்துக்கு நேரே திட்டுவதற்குச் சமம் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். எனக்கு மானம் கப்பலேறியது. அன்று வீடு போய்ச் சேரும்வரை வாயை மூடவில்லை. "இது நம்ம ஊரு இல்லைங்க. பட்டிக்காட்டான் மாதிரி பாம் பாம்னு அடிச்சுக்கிட்டு! என் ஆபீஸ்காரங்க யாராவது பார்த்தா என்ன நெனைப்பாங்க?" பிறகு மாதக்கணக்கில், அவர் கட்டை விரல் ஸ்டீயரிங்கின் நடுப்பக்கம் நகர்ந்தாலே போதும், "கை! கை!" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே விரலை எடுத்துவிடுவார். கடைசியில் கை அடங்கிவிட்டது. அதற்குப் பதில் இந்த ஊர்ப் பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொண்டார். இங்கே கடைத்தெருவில் இடம் இல்லாவிட்டால், நிற்கும் கார்களை ஒட்டி ரோட்டிலேயே நிறுத்திவிட்டு இரண்டு பக்க விளக்கையும் மினுக்கவிட்டுப் போய்விடுவார்கள். டபுள் சிக்னல் என்று பெயர். சாப்பாடு கட்டி வாங்குகிறேன், இதோ வந்துவிடுவேன் என்று அர்த்தம். யாரும் கோபப்படுவதில்லை. ஒதுங்கிப் போய்க்கொண்டே இருப்பார்கள். "பாத்தியா, நானும் மலேசியாக்காரன் ஆயிட்டேன்" என்று முதல்முறை அந்தப் பொத்தானை அமுக்கியபோது சொன்னார். நானும் கைதட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை என்னை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பூக்கடை வரிசைக்கு எதிரே காரை ஓரம் கட்டியிருக்கிறார். கைப்பிரேக் போட்டு, டபுள் சிக்னலும் போட்டிருக்கிறார். அப்புறம் இருக்கையில் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு. விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்க, கார்களும் லோரிகளும் பொறுமையாக, மரியாதையாக, சுற்றிச் சுற்றிப் போயிருக்கின்றன. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடியைத் தட்டியது பூக்கடை அக்காதான். ஆஸ்பத்திரியில் மருத்துவர் சொன்ன முதல் வாக்கியமே, கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்பதுதான்.

நாலைந்து நாள் கழித்து அந்த அக்காவிடம் போய் நின்றேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"அக்கா, அவரு ஹார்ன் ஏதும் அடிச்சாரா?"

அவர் கையிலிருந்த பூச்சரத்தைக் கீழே வைத்தார். "இல்லம்மா. அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். டபுள் சிக்னல் போட்டிருந்திச்சு. தலைய சாச்சிருந்தாரு. உங்கள ஏத்திக்கத்தான் வெய்ட் பண்றாருன்னு நெனச்சேன் லா. தெனமும் உங்களுக்குத்தானே வெய்ட் பண்ணுவாரு" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அந்தக் கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

காரியத்துக்குத் திருச்சி போனபோது நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நடு ரோட்டுல ஒரு கார் நிக்குதுடி. ஒருத்தன்கூடவா பின்னாடி நின்னு ஹார்ன் அடிக்கல? ஒருத்தன்கூடவா எறங்கி வந்து, எந்த மடையன்டா வண்டிய நடுவுல போட்டதுன்னு திட்டல? நம்மூரா இருந்தா இந்நேரம் கூட்டம் கூடியிருக்குமே!" அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவள் கேட்கிறாள். வாசலில் பஸ்ஸும் ஆட்டோவும் போட்டி போட்டு அலறிக்கொண்டிருந்தன. முன்பு காதைப் பொத்திக்கொள்வேன். அன்று ஒவ்வொரு சத்தமும், இதில் ஒன்று போதுமாயிருந்ததே, ஒன்றே ஒன்று, என்று என்னைக் குத்தியது. "அடிக்காதீங்கன்னு சொன்னது நான்தான் அண்ணி" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரியப்போகிறது.

திரும்பி வந்தேன். வேலை இங்கேதானே இருக்கிறது. கார் கீழ்த்தளத்தில் தூசி மூடி நின்றது. கிராண்டில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், அவர் பெயர். அதை என் பெயருக்கு மாற்றக் காகித வேலை மாதக்கணக்கில் இழுத்தது. அத்தனை மாதமும் என் மனதில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சொன்னால் பைத்தியம் என்பீர்கள். அந்தக் காரின் ஹார்ன் கெட்டுப்போயிருக்க வேண்டும். அவர் கை அடங்கிய பிறகு மாதக்கணக்கில் யாரும் தொடாத ஹார்ன், பழைய கார், துருப் பிடித்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம். அப்படியென்றால் அவர் அடித்திருப்பார், அது ஒலிக்கவில்லை, அவ்வளவுதான். என் நச்சரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடும். கீழே போய் ஒருமுறை அமுக்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பெயர் மாற்றும் முன் காரைப் பரிசோதனை நிலையத்தில் காட்ட வேண்டும். சுப்ரா அங்கிள் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து, தானே ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு மலாய் இளைஞர் எஞ்சின் எண்ணைப் பார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார். டபுள் சிக்னல் மினுக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஹோன், பாக்சிக்" என்றார், அங்கிளைப் பார்த்துக் கட்டை விரலை அமுக்கிக் காட்டி.

அங்கிள் அமுக்கினார். கணீரென்று அடித்தது. இன்னொரு முறை என்றார் அந்தப் பையன். இன்னொரு முறையும் அடித்தது. தகரக் கூரை முழுக்க அந்தச் சின்னச் சத்தம் நிறைந்தது. "ஓகே, பாகுஸ்" என்று காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

நான் உடைந்துவிட்டேன். அங்கிள் பதறினார். "பாஸ் ஆயிருச்சும்மா! எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொல்றான். ஏன் அழுவுறீங்க?"

திரும்பி வந்து கீழ்த்தளத்தில் காரை நிறுத்திய பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சீனப் பெரியவர், "கை! கை!", பூக்கடை அக்கா, எல்லாம்.

"நீங்க சொன்னதாலதான் அடிக்கலயா, முடியாம அடிக்கலயா, எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அங்கிள், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி. "ஆனா அந்த வலியிலயும் ஓரமா நிப்பாட்டி, பிரேக்க போட்டு, சிக்னலும் போட்டிருக்காரு. வேற யாரு மேலயும் போய் இடிச்சிரக் கூடாதுன்னு பாத்திருக்காரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

இறங்கி, கூரையை அன்றுபோலவே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ரயிலுக்குப் போனார்.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். டிரைவிங் ஸ்கூலில் பழகியதும் ஒரு கஞ்சிலில்தான். மேட்டில் ஏறும்போது ஏர்கானை அடைத்துவிடுகிறேன். ஹார்னை மட்டும் நான் தொட்டதே இல்லை. தொடக்கூடாது என்று இல்லை, கட்டை விரல் அங்கே போனால் அவர் விரல்மேல் வைப்பது போலிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அதே பூக்கடை வரிசைப் பக்கம் ஒரு கார் டபுள் சிக்னல் போட்டு நின்றது. உள்ளே ஒருவர் தலையைச் சாய்த்திருந்தார். என்னால் தாண்டிப் போக முடியவில்லை. இது முதல் தடவையும் இல்லை. எத்தனையோ கார்களின் கண்ணாடியைத் தட்டி எத்தனையோ பேரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன். அவசரமாகப் பின்னால் நிறுத்தி, இறங்கி ஓடித் தட்டினேன். ஒரு மலாய் இளைஞர் திடுக்கிட்டு விழித்துக் கண்ணாடியை இறக்கினார்.

"யூ ஓகே?" என்றேன். "ஓகே தானே?"

"சாரி, காக், சாரி! நான் எடுத்துர்றேன்" என்று மலாயில், என்னை அக்கா முறை வைத்துச் சொன்னவர், நான் இடம் கேட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கையெடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, காரைக் கிளப்பிப் போய்விட்டார். இல்லை, நீ இரு, நீ நன்றாக இரு என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. திரும்பிப் பார்த்தேன். நடு ரோட்டில் என் கஞ்சில் நின்றது. கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாருமில்லை, டபுள் சிக்னல் மினுக்கிக்கொண்டிருந்தது. எப்போது போட்டேன் என்றே தெரியவில்லை. பின்னால் வந்த கார்கள் ஒன்றுகூட ஹார்ன் அடிக்காமல், பொறுமையாக, அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன.