கரி படிந்த ஆம்ப்ளிஃபயர்

காயலான் கடையில் சல்லிசாகக் கிடைத்த பழைய ஆம்ப்ளிஃபயரை நேற்று வீட்டில் சிறிது நேரம் ஓடவிட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே மை பூசினாற்போல் கரித்தூள். பெரம்பூரிலிருந்து வந்திருந்த நண்பன் முகம் சுளித்தான்.

"எவன்டா இது, இன்னா கலீஜா வெச்சிகினு இருந்துகீறான் பாரு!"

எனக்குச் சுருக்கென்றது. சூட்டில் கரித்தூள் வேகும் அந்த வாடையை எனக்குத் தெரியும். ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டியிருந்த, இன்று லாரிகள் ஓடும் சாலையாகிவிட்ட எங்கள் லைன் வீடுகளில், கடற்காற்று கிளம்பினாலே துறைமுகத்தில் குவித்திருக்கும் நிலக்கரியின் தூள் சோற்றிலும் தலையணையிலும் வந்து உட்காரும். அதற்குப் பயந்து அம்மா ஜன்னலில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டு, நைனா ஆசையாக வாங்கிய ஆம்ப்ளிஃபயருக்குத் தன் பழைய பாவாடையைக் கிழித்து உறை தைத்துப் போட்டு, பாட்டு ஓடும்போதும் அதைக் கழற்ற விடாமல், அது புழுங்கிச் சூடாகி முனகினாலும் கேளாமல், சோற்றுத் தட்டைத் துடைப்பதற்கு முன் அதைத்தான் துடைப்பாள். அப்படியும் உள்ளே கரி.

கலீஜாம்! அந்தக் கரியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் குவித்தது நாங்களா?

பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தேன். அரைமணியில் பளிச்சென்றாகிவிட்டது. பாட்டும் தெளிவாக வந்தது.

"பொட்டி சுத்தமாயிடுச்சாடா?" என்று உள்ளறையிலிருந்து அம்மா கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.