சோமனூரில் என் பூட்டைப் பிரித்த நாள்

நான் திண்டுக்கல்லில் பூட்டு செய்கிறவள். 2007 ஆனியில் சோமனூர் போனது ஊர் சுற்ற இல்லை, சண்டை போட! அங்கே விசைத்தறி ஓட்டும் கந்தசாமி அண்ணன் முந்தின நாள் போன் பண்ணினார். "அம்மிணி, உங்க பூட்டுல சாவியே திரும்பலீங்க. நூலெல்லாம் ரூமுக்குள்ள மாட்டிக்கிச்சு. மத்த ஷெட்டுக்குச் சொன்ன இருபது பூட்டும் வேண்டாமுங்க, வேற ஊர்ல வாங்கிக்கறேன்."

ஆர்டர் போனால் போகட்டும். அது நான் கையால் கோத்த பூட்டு! புதுசு ஒன்றைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்ததே கோபம். அவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஐந்தரைக்கு பஸ். ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் பல்லடம் சுமார் 120 கி.மீ., மூன்றரை மணி நேரம், டிக்கெட் நாற்பது ரூபாய்க்குள். பல்லடத்தில் தனியார் பஸ்காரர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். "ஏறுங்க்கா, இந்தா வந்துருமுங்க சோமனூரு" என்றார் ஒரு கண்டக்டர். முக்கால் மணி நேரம் ஆச்சு.

தறிகளில் நூல் மதியம் வரைக்கும்தான் வருமாம். அதற்குள் திறக்காவிட்டால் பூட்டை அறுத்துவிடுவதாகச் சொன்னார் அண்ணன். சாவித் துவாரத்தில் சீமெண்ணெய் விட்டு, மரக்கட்டையால் தட்டித் தட்டிச் சாவியை அசைத்தேன். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் மெதுவாக வெளியே போய் நின்றுகொண்டார். திடீரென்று 'டக்'! வளையம் துள்ளியது.

நூல் தறிக்குப் போனது. நான் விடுவேனா? அங்கேயே உட்கார்ந்து ரிவிட்டை அராவிப் பின்தகட்டைத் தூக்கினேன். உள்ளே ஆறு லீவர், மெல்லிய தகடுகள். சாவி ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். ஆறும் கறுப்புப் பஞ்சில் அமுங்கிக் கிடந்தன.

"ஆயில் ஊத்துனீங்களாண்ணே?"

"ஊத்தாம? தறிக்கு ஊத்தறப்பவெல்லாம் இதுக்கும் ரெண்டு சொட்டு உடுவனுங்க."

என்னே பாசம்! ஷெட்டில் பறக்கிற பஞ்செல்லாம் அந்த ஆயிலில் ஒட்டிக் களியாகிவிட்டிருந்தது. தகடுகளைக் கழுவித் துடைத்து, பழைய வரிசையிலேயே அடுக்கினேன். ஒன்று மாறினாலும் சாவி திரும்பாது. ஸ்பிரிங் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துப் புது ரிவிட் அடித்தேன். சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

அண்ணன் பூட்டிப் பூட்டித் திறந்தார். "பூட்டு மேல தப்பில்லீங்க அம்மிணி, எம்மேலதானுங்க" என்று தறிக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரரும் அப்போதுதான் உள்ளே வந்தார், ஏதோ தானே கோத்த மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு!

தறியோ பனியன் கம்பெனியோ வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கள்: பூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள். பென்சில் கரியைச் சுரண்டி, அந்தப் பொடியை உள்ளே ஊதினால் போதும். முகூர்த்த நாளில் பல்லடம் பக்கம் போகாதீர்கள், பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது. மற்ற நாளில் போனால் கந்தசாமி அண்ணனின் ஷெட்டுகளையும் ஒரு எட்டு பாருங்கள். இருபது பூட்டும் திண்டுக்கல்லிலிருந்துதான் போயின. அத்தனையும் நான் கோத்தது. நம்பாவிட்டால் இழுத்துப் பாருங்கள்.